ரோஸ் பெல்லில் கை நனைத்த கதை

மொரீஷியஸுக்குக் கப்பலேறும் முன் எனக்கு இரண்டு கட்டளைகள் இடப்பட்டன. மாப்பிள்ளை வீட்டில் குடி உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்து வர வேண்டும். சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சொன்னவர் என் அக்காவின் கணவர். மாயவரத்தில் மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் நடு நாற்காலி அவருக்குத்தான். அத்தான் ஒன்றைச் சொன்னால் மறுபேச்சு கிடையாது, அதிலும் எனக்குக் கிடையவே கிடையாது.

கை நனைக்காமல் இருப்பது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு எழுந்து நின்று வேண்டாம் என்கிறவனை ஊரில் ஒரு மனிதனாக மதிக்க மாட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாப்பாட்டைக் கண்டால் எனக்குக் கை நிற்காது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். "உன் கண்ணை நம்பி அனுப்பறேன், வயித்தை நம்பி இல்ல" என்றார் அத்தான்.

என் அக்கா மகள் வசந்தா சென்னையில் படித்தபோது அதே கல்லூரிக்கு மொரீஷியஸிலிருந்து தமிழ் படிக்க வந்தவன் தேவன். படிப்பு முடிந்து ஊருக்குப் போய் வாத்தியாரான பிறகு முறையாகப் பெண் கேட்டு எழுதினான். கடல் கடந்த இடம், அங்கே எல்லாரும் குடிப்பார்களாம் என்று யாரோ அத்தான் காதில் ஓதிவிட்டார்கள். போய்ப் பார்த்து வர ஒரு ஆள் வேண்டும். தாய்மாமன் என்ற உரிமையும், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் என்ற வகையில் நீண்ட விடுமுறையும், நான் இல்லாவிட்டால் குடும்பத்தில் எந்த வேலையும் நின்றுபோகாது என்ற தகுதியும் எனக்கு ஒருசேர வாய்த்திருந்தன.

புறப்படும் அன்று வசந்தா என்னைத் தனியாகப் பிடித்தாள். "மாமா, நீங்க வேண்டாம்னு வந்து சொன்னா அப்பா அதோட முடிச்சிடுவார். நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அதை மனசுல வச்சுட்டுப் பாருங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். இந்தப் பெண்ணின் வாழ்க்கையை என் கையில் கொடுத்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன்.

அக்கா வழக்கம்போல நின்றுகொண்டே எனக்கும் அத்தானுக்கும் பரிமாறினாள். எல்லாரும் எழுந்து, எல்லாம் ஆறிய பிறகுதான் அவள் முறை, அதனால் அக்கா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் சாப்பிடுகிறாள் என்பதற்கு அவள் உயிரோடு நடமாடுவது ஒன்றுதான் சாட்சி.

கப்பலில் நான் பட்ட பாட்டை எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். போர் லூயி துறைமுகத்தில் இறங்கியபோது தரை ஆடியது, நான் ஆடவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். தேவன் வந்திருந்தான். ஒல்லி, நல்ல நிறம், கழுத்தில் டை. "வாருங்கள் மாமா, பயணம் இனிதாக அமைந்ததா?" என்றான். பாடப் புத்தகம் எழுந்து நின்று பேசியதுபோல இருந்தது. அந்தத் தீவில் நம்மவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல் என்ற பிரெஞ்சுக் கலப்பு பாஷை. தமிழ் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் உறவுமுறை கூப்பிடுவதிலும்தான் இருக்கிறது. சுவரெல்லாம் சுதந்திரம் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் தாரில் எழுதியிருந்தார்கள். எழுத்து சாய்ந்திருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. டிராயிங் மாஸ்டர் புத்தி.

மாப்பிள்ளை வீட்டில் தங்கக் கூடாதென்று தேர் ரூஜ் என்ற ஊரில் ஒரு குருக்கள் வீட்டில் இடம் ஏற்பாடு செய்திருந்தார் அத்தான். சிதம்பரம் பக்கத்துக்காரர், கோயில் பூஜைக்காக வந்தவர், ஒண்டிக்கட்டை. தங்கமான மனிதர். சமையல்தான் விபரீதம். ரசம் என்று ஊற்றினார், பாத்திரம் கழுவிய தண்ணீரில் மிளகு விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். காலையில் ரசம், ராத்திரியில் அதே ரசம். "கூச்சப்படாம சாப்பிடும் ஓய்" என்பார். நான் கூச்சப்பட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். கை நனைக்கக் கூடாது என்ற கட்டளையையும் சொன்னேன். குருக்கள் சிரித்தார். "இங்க உள்ளவாளுக்குப் பாஷை போயிடுத்தே தவிர சம்பிரதாயம் போகலை. நம்மளைவிடக் கெட்டியாப் பிடிச்சிண்டிருக்கா. ஜாக்கிரதையா இரும்." நான் எங்கே கேட்டேன்? கரும்பு வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மாயவரத்துச் சம்பிரதாயம் என்ன தெரியும் என்று மனசுக்குள் மிதப்பாக நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தேவனின் ஊரான ரோஸ் பெல்லுக்குப் புறப்பட்டேன். தேவன் வந்து அழைத்துப் போகிறேன் என்றான். உலகம் பார்த்தவன்போல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் இரண்டு பக்கமும் கரும்பு, கரும்பு, மறுபடியும் கரும்பு. நம் ஊரில் கரும்பைக் கண்டால் கடிக்கத் தோன்றும். இங்கே ஒரு மணி நேரம் கரும்பையே பார்த்தவனுக்குத் தூக்கம்தான் வந்தது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது எதிரே கடல் இருந்தது. சுயாக். தீவின் தென்கோடி. ரோஸ் பெல் எப்போதோ போய்விட்டதாம். அதற்கப்பால் தண்ணீர்தான், அதனால்தான் பஸ் நின்றது.

திரும்பிப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரு அம்மாள் எண்ணெய்ச் சட்டி வைத்து மிளகாய் போட்ட பருப்பு வடை சுட்டுக்கொண்டிருந்தார். கிரியோலில் அதற்குக் கதோ பிமா என்று பெயர். எனக்கு அது மசால் வடைதான். கடல் காற்று, சுடச்சுட வடை. இந்த அம்மாள் மாப்பிள்ளைக்கு எந்த உறவும் இல்லை என்று ஜாடையில் கேட்டு உறுதி செய்துகொண்டபின் மூக்கைப் பிடிக்கத் தின்றேன்.

ரோஸ் பெல்லில் தேவன் வீடு தகரக் கூரையும் நீலக் கதவுமாக இருந்தது. முற்றத்தில் ஒரு சிறிய மாடத்தில் முருகன். வாசலிலேயே தேவனின் அப்பா நின்றார். சின்னப்பன் என்பதுதான் பெயர். பதிவேட்டில் பெயர் எழுதிய வெள்ளைக்காரன் தயவில் சினாப்பேன் ஆகிவிட்டது. சர்க்கரை ஆலையில் மெக்கானிக். கையைப் பிடித்துக் குலுக்கினார், என் தோள்பட்டை இறங்கிவிட்டது. பின்னால் வந்த அவர் மனைவி மீனாட்சியம்மாள் "வணக்கம் அண்ணே" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் பெரும்பாலும் தேவாரத்திலும் உறவுப் பெயர்களிலும் அடங்கியது. மற்றதெல்லாம் கிரியோல், தேவன் நடுவில் நின்று சொன்னான்.

"அம்மா கேட்கிறார்கள், நீங்கள் எங்களுடன் சாப்பிடுகிறீர்களா?"

"வேணாம் தம்பி, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றேன்.

நம் ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. விருந்தாளி வேண்டாம் என்பார். வீட்டுக்காரர் அதெப்படி என்பார். விருந்தாளி மறுபடி வேண்டாம் என்பார். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். மூன்றாவது தடவையிலாவது கொஞ்சம் பலகாரம், ஒரு வாய் காபி என்று வந்து சேரும். பலகாரம் கை நனைத்த கணக்கில் வராது என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

மீனாட்சியம்மாள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். தலையை ஆட்டினார். "கொரேக்" என்றார். சரி என்று அர்த்தம். அவ்வளவுதான். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்குச் சமையலைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

சமைத்தது சினாப்பேன். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதைக் கல்யாணச் சமையலில்தான் நான் பார்த்திருக்கிறேன். இவர் மேஜைமேல் மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தார். பெரிய கட்டையால் வேட்டி அகலத்துக்குத் தேய்த்தார். சுருட்டி, கத்தியால் நறுக்கி, உதறினார். சேமியாவுக்கு அண்ணன் முறை வருகிற மாதிரி பட்டை பட்டையாக விழுந்தது. பக்கத்தில் மீனாட்சியம்மாள் தக்காளியும் பூண்டும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனையை எழுத எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் இருந்த வடை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"இது இத்தாலிச் சமையல்" என்றான் தேவன். சண்டைக் காலத்தில் அவன் அப்பா பிரிட்டிஷ்காரன் பட்டாளத்தோடு இத்தாலி போனவராம். துப்பாக்கி கொடுக்கவில்லை, மண்வெட்டி கொடுத்தார்கள். ரோடு போட்டுக்கொண்டே வடக்கே போனபோது ஒரு குடியானவர் வீட்டுக் கொட்டிலில் சில மாதம் தங்கல். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருக்கிற மாவில் இதைச் செய்வார்கள், எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தின்பார்கள், சாப்பிட்டதும் அதே மேஜையில் மண் தட்டுகளுக்கு வர்ணம் பூசுவார்கள். கறுப்புத் தோல் சிப்பாயையும் நடுவில் உட்கார வைத்து ஒரு தூரிகையைக் கொடுத்தார்களாம். "அங்கேதான் முதன்முதலாக என்னை யாரோ நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்" என்றார் சினாப்பேன். கிரியோலில், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு அது வந்தது. வைக்கோல் பாவாடை கட்டிய ஒரு குண்டு பாட்டில். இத்தாலி ஒயின். துறைமுகத்தில் வந்து போகும் கப்பல் சமையற்காரன் ஒருவனைப் பழக்கம் பிடித்து வாங்குவாராம். வாரா வாரம் ஆளுக்கு அரை டம்ளர் வீதம் செலவாகிறது. அப்பா, அம்மா, மகன், மூன்று பேருக்கும் ஊற்றினார். நாலாவது டம்ளரில் ஊற்றி என் முன்னே வைத்தார்.

நான் பாம்பைக் கண்டவன்போல நாற்காலியோடு பின்னே நகர்ந்தேன். மதராஸ் ராஜ்யத்தில் இதைப் பார்த்தாலே போலீஸ் வரும். தேவன் முகம் வெளுத்துப் போயிற்று. மீனாட்சியம்மாள் முதலில் உட்கார்ந்தார், முதலில் போட்டுக்கொண்டார், டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார், உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரும் உளறவில்லை. யாரும் ஆடவில்லை. கரும்பு விலை, கோயில் காவடி, அடுத்த வீட்டு ஆடு என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் மட்டும்தான் எச்சில் விழுங்கிக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன்.

சாப்பிட்டதும் மேஜையைத் துடைத்தார்கள். வர்ண டப்பாக்கள் வந்தன. கோதுமை மூட்டைச் சாக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து வைத்திருந்தார்கள். சினாப்பேன் ஒரு வீடும் கொடிப் பந்தலும் வரைந்தார். வாரா வாரம் அதே இத்தாலி வீடுதானாம், சுவரெல்லாம் அதே வீடு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி கோணல். மீனாட்சியம்மாள் காலி ஒயின் பாட்டில்மேல் நீல மாடு எழுதினார். தேவன் எழுதியது மரமா மனுஷனா என்று அவனுக்கே தெரியவில்லை. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஓவிய ஆசிரியர் வந்திருக்கிறார் என்று ஒரு சட்டத்தை என்னிடம் நீட்டினார்கள். பசியை மறக்க இதுவாவது கிடைத்ததே என்று மிடுக்காக நிமிர்ந்தேன். ஒரு கண்ணை மூடினேன். பென்சிலை நீட்டி அளவெடுத்தேன். விகிதாசாரம் என்றால் என்ன என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். தேவன் மொழிபெயர்க்க, நீல மாட்டுக்குப் பச்சைக் கொம்பு வைத்துக்கொண்டே அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டார். கடைசியில் நான் வரைந்தது ஒரு பானை. இருபது வருஷமாகக் கரும்பலகையில் நான் போடுவது அதே பானைதான். எனக்கு வேறு எதுவும் சரியாக வராது. யானை வரைந்தால் எந்த ஊர் எருமை சார் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"நல்ல பானை" என்றார் சினாப்பேன், தமிழிலேயே.

அந்த வாரம் முழுக்க குருக்களின் ரசத்தைப் பார்த்தபடி யோசித்தேன். குடி உண்டா என்றால் உண்டு. கண்ணால் பார்த்தாயிற்று. அத்தானிடம் போய் அப்படியே சொன்னால் வசந்தா கதை அத்தோடு முடிந்தது. இல்லை என்று பொய் சொல்லலாம். ஆனால் நான் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், அத்தானுக்கு அது தெரியும். குடி என்றால் எங்கள் ஊரில் கள்ளச் சாராயம், தெருவில் கிடக்கிற ஆள், அடி வாங்குகிற பெண்டாட்டி. இது அது இல்லையே என்று எனக்குத் தெரிந்தது. அதை எந்த வாயால் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருக்களுக்கு சஷ்டி விரதம். வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. "உமக்கும் புண்ணியம்தான் ஓய்" என்றார். புண்ணியத்தோடு பஸ் ஏறினேன். இந்தத் தடவை தூங்கவில்லை, பஸ்தான் தூங்கிவிட்டது. கரும்புக் காட்டு நடுவில் நின்ற பஸ்ஸை நாங்களெல்லாம் இறங்கி மழையில் தள்ளினோம். அது கிளம்பிய வேகத்தில் நான் சேற்றில் குப்புற விழுந்தேன். என்னைப் பார்த்து ஒரு சீனர் குடையைக் கொடுத்தார். விழுந்த பிறகு குடை எதற்கு என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், திரும்ப வாங்கிக்கொண்டார்.

நீலக் கதவை நெருங்கும்போது உள்ளே வாக்குவாதம் கேட்டது. கிரியோலில் எனக்குத் தெரிந்தது நாலு வார்த்தை. ஆனால் தேவன் பாட்டிலைப் பிடித்து இழுப்பதும் அவன் அப்பா விடாமல் பிடித்திருப்பதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

என்னைப் பார்த்ததும் தேவன் தலையைத் தொங்கப் போட்டான். "என்ன சொல்றார் அப்பா?" என்று கேட்டேன். முதலில் தயங்கினான். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "இன்றைக்கு மட்டும் பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள் என்று நான் கேட்டேன். அந்தப் பெண் வந்து இந்த மேஜையில்தானே உட்காரப் போகிறாள், எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒளித்து வைப்பாய் என்று அப்பா கேட்கிறார். நம்மைப் பிடிக்கவில்லை என்றால் இப்போதே தெரியட்டும் என்கிறார்." கடைசியில் அவன் பாடப் புத்தகத்தை மறந்துவிட்டான். "மாமா, எனக்கு வசந்தா வேணும்" என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். உடம்பெல்லாம் சேறு, உள்ளே பட்டினி. மீனாட்சியம்மாள் துண்டும் சினாப்பேனின் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சட்டையில் இன்னொரு டிராயிங் மாஸ்டரும் தாராளமாக நுழையலாம். மேஜையில் என் இடத்தில் ஒரு தட்டு இருந்தது. பட்டைச் சேமியா, மேலே தக்காளிக் குழம்பு, ஆவி பறந்தது. சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால்தானே வேண்டாம் என்று மறுக்கலாம்?

பக்கத்தில் முள்கரண்டி இருந்தது. கரண்டியால் தின்றால் கையில் எதுவும் படாதே என்று ஒரு வக்கீல் என் மூளைக்குள் எழுந்தான். எடுத்துக் குத்தினேன். வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி குத்தினேன், சட்டைப் பையில் விழுந்தது. மூன்றாவது தடவை வக்கீலையும் கரண்டியையும் தூக்கி வைத்துவிட்டு ஐந்து விரலையும் விட்டேன். அதற்கப்புறம் எனக்கு நினைவு வந்தபோது தட்டு காலியாக இருந்தது. மணிக்கட்டு வரை சிவப்பாக இருந்தது.

மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொரேக்" என்றார் மீனாட்சியம்மாள். உள்ளே போனார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய் அடுக்கிய ஒரு தாம்பாளத்தோடு வந்தார். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது சாமி மாடத்துக்குக் கீழே தயாராக இருந்ததாம். வாரம் பூரா வெற்றிலையை மாற்றி மாற்றி வைத்தாராம். நான் வேண்டாம் என்றபோது அவர் உபசாரம் செய்யாததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. பெண் வீட்டுக்காரர் கை நனைக்கிறாரா இல்லையா என்பது அவராக முடிவு செய்ய வேண்டியது, வற்புறுத்தினால் அது பாவம். மீனாட்சியம்மாளின் கல்யாணமும் கரும்புத் தோட்டத்துக் கூலி லயத்தில் அப்படித்தான் முடிவானதாம். நான்தான் மாயவரத்துச் சம்பிரதாயம் இவர்களுக்கு எங்கே தெரியும் என்று நினைத்தவன்.

அடுத்த வீட்டிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். விளக்கேற்றினார்கள். அந்த அம்மாள் ஒரு தேவாரம் பாடினார், ஒவ்வொரு சொல்லும் பிரெஞ்சுக்காரி சொல்வதுபோல மூக்கால் வந்தது, ஆனால் ஒரு வரி விடவில்லை. நான் அசடு வழிய நின்றேன். அத்தானைக் கேட்காமல் அவர் பெண்ணைக் கொடுத்துவிட்டேன். அதுவும் ஒரு தட்டு சேமியாவுக்கு. சினாப்பேன் அரை டம்ளர் ஊற்றி நீட்டினார். இனி எதற்காகப் பின்வாங்குவது? வாங்கிக் குடித்தேன். துவர்ப்பு. நாவல் பழம் தின்றபிறகு நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. அடுத்த வாய் தக்காளிக் காரத்தோடு சேர்ந்தபோது, அடடா, இதற்காகத்தான் அது என்று புரிந்தது. காது சூடானது. "சம்பந்தி" என்றார் சினாப்பேன். பிறகு மகன் மூலமாகச் சொன்னார்: "நேற்று வரை நீங்கள் எங்களைப் பற்றிச் சொல்ல வந்தவர். இப்போது உங்களைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்."

வர்ணங்கள் வந்தன. நான் கண்ணை மூடி அளவெடுக்கவில்லை. கையில் குழம்பு வாசனை போகாமலே வரைந்தேன். அந்த மேஜை, மூன்று பேர், நான், நாலு தட்டு. மீனாட்சியம்மாள் ஒரு விரலால் தொட்டுக் காட்டி, இன்னொரு நாற்காலி போடு என்றார். போட்டேன். காலி நாற்காலி. அரை டம்ளர் செய்த வேலையோ என்னவோ, மனுஷர்கள் எல்லாரும் உருளைக்கிழங்கு மூட்டைகள்போல வந்தார்கள். நடுவில் இருந்த குண்டு பாட்டில் மட்டும் உயிரோடு நின்றது. இருபது வருஷம் பானை போட்ட கை அல்லவா?

மாயவரத்துக்கு வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். அத்தான் இலைமுன் உட்கார்ந்திருந்தார். அக்கா எனக்கும் ஒரு இலை போட்டாள். வசந்தா அடுத்த அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், பாவாடை ஓரம் தெரிந்தது.

"கை நனைச்சியா?" என்றார் அத்தான். முதல் கேள்வியே அது.

"நனைச்சுட்டேன் அத்தான்."

அத்தான் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். நான் வேறு வழி தெரியாமல் சுருட்டி வைத்திருந்த படத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் கண் நேராகப் போய் நின்ற இடம் எது என்று உங்களுக்குத் தெரியும்.

"இது என்ன?"

நல்லெண்ணெய் ஜாடி என்று சொல்ல வாய் வரை வந்தது. கதவோரம் பாவாடை அசைந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒளித்து வைப்பாய்?

"ஒயின், அத்தான். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டோட அரை டம்ளர். அந்த அம்மாவும் குடிக்கிறாங்க. யாரும் தப்பா நடந்து நான் பாக்கல. நானும் குடிச்சேன்."

அத்தான் முகம் சிவந்தது. "அப்ப இந்தச் சம்பந்தம்" என்று ஆரம்பித்தார்.

ரசச் சட்டியும் கரண்டியுமாக நின்ற அக்கா குனிந்து படத்தைப் பார்த்தாள். "இது யாருடா, மூட்டையா?"

"மாப்பிள்ளையோட அப்பா."

"எல்லாரும் உக்காந்திருக்காங்களே. பரிமாறுறது யாரு?"

"யாரும் இல்லக்கா. அவங்கவங்களே போட்டுக்கறாங்க."

"அந்த அம்மா எங்க நிக்கிறாங்க?"

"நிக்கல. இதோ நடுவில உக்காந்திருக்காங்களே, இவங்கதான். அவங்கதான் முதல்ல போட்டுக்கிட்டாங்க."

"இந்தக் காலி நாற்காலி?"

"வசந்தாவுக்காம்."

அக்கா ரொம்ப நேரம் அந்த நாற்காலியையே பார்த்தாள். மோசமாக வரைந்த நாற்காலி, ஒரு கால் குட்டை. நிமிர்ந்தபோது அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அங்கதான் கொடுக்கணும்" என்றாள். "கூடப் பொறந்தவன் கை நனைச்சுட்டு வந்துட்டான். இனிமே பேச ஒண்ணும் இல்ல."

கதவுக்குப் பின்னால் வசந்தா அழுவது கேட்டது, இப்போதுதான் அழுதாள்.

அக்கா ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். அடுப்படிக்குப் போய் இன்னொரு இலை எடுத்து வந்தாள். எனக்கும் அத்தானுக்கும் எதிரில் அதைப் போட்டு, தானே சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவர் ரசச் சட்டியை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

அவள் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உடனே கையை உதறினாள்.

"ரசம் சுடுது" என்றாள் அக்கா, ஆச்சரியமாக.